மருந்து சாப்பிடும் நாய் சோற்றைத் தொடவில்லையா? கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். நாய்க்கு உடம்பு சரியில்லை, டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், நாய் சாப்பிட மாட்டேன் என்கிறது. பினாங்கில் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருந்தவள் நான். இப்போதும் வீட்டில் நோயாளி நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், அந்த அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மருந்தை நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான். முதலிலேயே ஒன்று: உங்கள் நாய் அடம் பிடிக்கவில்லை. பெரும்பாலும் அதற்கு வயிற்றைப் புரட்டுகிறது. குமட்டல் நிற்காமல் நீங்கள் என்ன சமைத்து வைத்தாலும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் போகிறது.

அக்கா, செந்தூலில் இருந்து கேக்கிறேன். எங்க மணிக்கு உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் நாலு வாரத்துக்குக் கொடுத்திருக்காங்க. நேத்திலிருந்து கோழி கூட வேண்டாங்குது. மருந்தை நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம் தம்பி. உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா கிருமிக்கு 28 நாள் கொடுப்பது வழக்கம், நடுவில் விட்டால் கிருமி உடம்பில் தங்கிவிடலாம். இங்கே பசி போனதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், ஒன்று நோய், இன்னொன்று மருந்து. முதலில் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். நாய்க்கு 38.3 முதல் 39.2 வரை சாதாரணம், 39.5-ஐத் தாண்டினால் காய்ச்சல் இன்னும் இருக்கிறது, பசி வராததில் ஆச்சரியமில்லை. காய்ச்சல் இறங்கியும் சாப்பிடவில்லை என்றால் மருந்தின் மேல் சந்தேகப்படலாம். டாக்சிசைக்ளின் வெறும் வயிற்றில் போனால் நன்றாகவே புரட்டும், அதனால் நாலு வாயாவது சாப்பிட்ட பிறகு கொடுங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகும், அதனால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரோ ஒரு சின்ன உருண்டை உணவோ உள்ளே போக வேண்டும். தயிர்சோற்றில் வைத்துக் கொடுக்காதீர்கள், பால், சீஸும் அந்த நேரத்தில் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

எச்சில் ஒழுகுகிறதா, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா, வெறும் வாயோடு விழுங்கிக்கொண்டே இருக்கிறதா, ஆசையாகத் தட்டுக்கு வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறதா என்று கவனியுங்கள். இதெல்லாம் குமட்டல். வாந்தி எடுக்கவே வேண்டும் என்றில்லை. கிளினிக்குக்குப் போன் பண்ணி இதை அப்படியே சொல்லி, மாரோபிட்டன்ட் மாதிரி குமட்டல் மருந்து கொடுக்கலாமா, ஒரு நாள் மருந்தை இரண்டு வேளையாகப் பிரிக்கலாமா என்று கேளுங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ போனெல்லாம் வேண்டாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து. மாத்திரையை நசுக்கிச் சோத்துல கலந்து வச்சேன். ரெண்டு நாள் சாப்பிட்டுச்சு, இப்போ அந்தத் தட்டைப் பார்த்தாலே ஓடுது.

அது சரியாகத்தான் முடிவெடுத்திருக்கிறது, பாவம். 'இந்தத் தட்டில் இருப்பதைத் தின்றால் வாய் கசக்கும், வயிறு புரட்டும்' என்று கற்றுக்கொண்டுவிட்டது. முழுச் சாப்பாட்டில் மருந்தைக் கலக்கவே கூடாது. பாதி மிச்சம் வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று உங்களுக்கும் தெரியாது. இப்போதைக்குத் தட்டை மாற்றுங்கள், வைக்கும் இடத்தை மாற்றுங்கள், அந்தச் சோறு கோழியைச் சில வாரம் கண்ணில் காட்டாமல் வேறு ஏதாவது கொடுங்கள். முடிந்தால் மருந்து கொடுப்பது ஒருவர், சோறு வைப்பது இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு நான் செய்வது மூன்று உருண்டை: வேகவைத்த மீனையோ சர்க்கரைவள்ளியையோ பிசைந்து, முதல் உருண்டை வெறுமனே, இரண்டாவதில் மாத்திரை, அது வாயில் இருக்கும்போதே மூன்றாவதை மூக்கு முன்னால் காட்ட வேண்டும். மூன்றாவதைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். வேர்க்கடலை வெண்ணெயில் வைப்பவர்கள் டப்பாவில் சைலிட்டால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அந்த இனிப்பு நாய்க்கு விஷம்.

மெட்ரோனிடசோலை ரெண்டா உடைச்சுக் கொடுத்தா வாயெல்லாம் நுரை தள்ளுது, அலர்ஜியா?

கசப்பு. அந்த மாத்திரையை உடைத்தால் பயங்கரக் கசப்பு. பார்மசியில் காலி கேப்சூல் கிடைக்கும், உடைத்த பாதியை அதற்குள் போட்டு உருண்டைக்குள் வையுங்கள். முகம் வீங்கினாலோ தடிப்பு வந்தாலோதான் அலர்ஜி என்று யோசிக்க வேண்டும்.

எல்லா மருந்தும் சாப்பாட்டுக்கு அப்புறம்தானே?

இல்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் வெறும் வயிற்றில், அதுவும் மற்ற மருந்துகளோடு சேராமல், இரண்டு மணி நேரமாவது தள்ளி. டாக்சிசைக்ளினும் சுக்ரால்ஃபேட்டும் ஒன்றாக எழுதியிருந்தால் எதை எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று கிளினிக்கில் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து. புரட்டாசி, வீட்டில் முட்டை கூட வராது. அம்மா சமையலறைக்குள் கோழியே கூடாதுன்னுட்டாங்க. நாய் கஞ்சி மட்டும் குடிக்குது, போதுமா?

போதாது. 10 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கலோரி வேண்டும். தண்ணிக் கஞ்சி ஒரு கிண்ணத்தில் நூறு கூடத் தேறாது, புரதமும் மிகக் குறைவு. அம்மாவின் மனம் நோகாமலும் செய்யலாம். நோயாளி நாய்க்கென்றே டின் உணவு கிளினிக்கில் விற்கிறார்கள், ஹில்ஸ் ஏ/டி, ராயல் கேனின் ரிக்கவரி எல்லாம் அந்த வகை. சமைக்கவே வேண்டாம், கூழாக இருக்கும், கொஞ்சத்திலேயே சத்து அதிகம். டின்னை வெளியே வைத்தே திறந்து, சுடுதண்ணீரில் கிண்ணத்தை இறக்கி வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோறும் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்த சோறும் நாய்க்கு ஒன்றே இல்லை, வாசனைதான் அதற்குப் பசி.

மாமாக் சாப்பாட்டுக் கடை கறிக்குழம்பை ஊத்தினா நக்கிச் சாப்பிடுது. டின் சார்டினும் பிடிக்குது. கொடுக்கலாமா?

வேண்டாம். குழம்பில் வெங்காயம், பூண்டு, அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலில் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு இதையும் கொடுப்பது கொடுமை. தேங்காய்ப்பால், கோழித்தோல் போன்ற கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கலாம். தக்காளிச் சாஸ் சார்டினில் உப்பு அதிகம், வெங்காயமும் இருக்கலாம். வாசனை வேண்டுமென்றால் உப்பில்லாமல் கோழி எலும்பை வேகவைத்து, எலும்பை எடுத்துப் போட்டுவிட்டு, மேலே மிதக்கும் கொழுப்பையும் எடுத்துவிட்டு அந்தச் சாற்றை ஊற்றுங்கள். வெந்த எலும்பு எந்தக் காரணத்துக்கும் கூடாது.

ஆபரேஷன் முடிஞ்சு கார்ப்ரோஃபென் வலி மாத்திரை கொடுக்கிறோம், சாப்பிடலை. பக்கத்து வீட்டுக்காரர் அவர் நாயோட பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு மாத்திரை மிச்சம் இருக்கு, அது பசியைக் கிளப்பும்ங்கிறார். பெனடோலும் (பாராசிட்டமால்) கொடுக்கலாமாம்.

இரண்டும் வேண்டாம், தயவுசெய்து. பிரெட்னிசலோன் பசியைக் கிளப்பும் என்பது உண்மைதான், ஆனால் கார்ப்ரோஃபெனோடு சேர்ந்தால் குடலில் புண்ணாகி ரத்தம் கசியலாம். பெனடோல் கல்லீரலைக் கெடுக்கும், வீட்டில் பூனை இருந்தால் அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள், ஒரு மாத்திரையே கொன்றுவிடும். கார்ப்ரோஃபென் கொடுக்கும்போது நாய் சாப்பிடாமல் போவதும் வாந்தியும் கறுப்பு மலமும் எச்சரிக்கை, அடுத்த மாத்திரைக்கு முன்னால் டாக்டரைக் கூப்பிடுங்கள். அப்புறம், கழுத்தில் கூம்பு போட்டிருக்கிறீர்களா? கூம்பு தரையில் இடித்தால் வாய் தட்டுக்கு எட்டாது. தட்டை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சாப்பிடும் நேரம் மட்டும் கழற்றுங்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து. நாய்க்கு 13 வயசு, சிறுநீரகம் பாதி போச்சுன்னாங்க. சிறுநீரக நோய்க்குன்னு விக்கிற உணவை மோந்து கூடப் பார்க்கலை. சிரிஞ்சில் ஊட்டவா?

சிரிஞ்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் அக்கா. குமட்டலோடு இருக்கும் நாயின் வாயில் திணித்தால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம், சாப்பாட்டின் மேலேயே வெறுப்பும் வந்துவிடும். சிறுநீரகம் பழுதான நாய்க்கு ரத்தத்தில் கழிவு ஏறி வயிறு புரட்டும், வாயில் புண் கூட வரும், அதனால் வாயைத் திறந்து பாருங்கள். உடம்பில் நீர் குறைந்திருந்தாலும் பசி வராது. தோலுக்கடியில் சலைன் ஏற்ற வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம், கிளினிக்கில் சொல்லிக் கொடுப்பார்கள். குமட்டல் மருந்து, அதன் பிறகும் பசி இல்லையென்றால் பசியைத் தூண்டும் மிர்ட்டாசபைன், இந்த வரிசையில் டாக்டரிடம் பேசுங்கள்.

அந்தச் சிறுநீரக உணவு நல்லதுதான், பாஸ்பரஸ் குறைவு, நோயின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் வயிற்றில் போகாத உணவால் என்ன பயன்? இப்போது எதைச் சாப்பிடுகிறதோ அதைக் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாக. கருவாடும் நெத்திலியும் மட்டும் வேண்டாம். உடம்பு தேறிய பிறகு பழைய உணவில் ஒரு ஸ்பூன் புதியதைச் சேர்த்து, இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள். டாக்டர் குழாய் போடலாம் என்று சொன்னால் கொடுமை என்று உடனே மறுத்துவிடாதீர்கள். கழுத்து வழியே போடும் குழாயில் உணவு, தண்ணீர், கசப்பு மருந்து எல்லாம் சண்டையில்லாமல் போகும், நாய் அதோடு சாதாரணமாக நடமாடும்.

எத்தனை நாள் பார்த்துக்கிட்டு இருக்கலாம்?

நாள் கணக்கே வேண்டாம். வளர்ந்த நாய் 24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் போன் பண்ணுங்கள், தண்ணீரும் குடிக்காமல் வாந்தி எடுத்தால் அதற்கும் முன்னால். குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், இரண்டு வேளை தவறினாலே போய்விடுங்கள், வாந்தியோடு ரத்தமாகப் போனால் பார்வோ வைரஸாக இருக்கலாம். சர்க்கரை நோயுள்ள நாய் சாப்பிடாவிட்டால் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிடாதீர்கள், கேட்டுவிட்டுத்தான் ஊசி. இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணை இப்போதே போனில் போட்டு வையுங்கள். கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கேஸ் சிக்கலானால் செர்டாங்கில் யுபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது, அங்கே அனுப்பலாமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். போகும்போது எந்த மருந்து எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டது, எப்போது வாந்தி என்று எழுதிக்கொண்டு போங்கள், மருந்துப் பாக்கெட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.