வருஷத்துக்கு 48 ராக் கச்சேரி: நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 29. சொந்த ஊர் பொள்ளாச்சி. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இங்கிலாந்து வந்து லீட்ஸில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கிறேன். சம்பளம் வருடத்துக்கு 42,000 பவுண்டு. பிடித்தம் போக மாதம் 2,700 கைக்கு வருகிறது. வாடகையும் பில்களும் 950, ஊருக்கு அனுப்புவது 400, சாப்பாடு 280, போன், பஸ், ஜிம் எல்லாம் சேர்த்து 150. சேமிப்புக் கணக்கில் மாதம் 100 போடுகிறேன். இப்போது அதில் 1,200 இருக்கிறது. கிரெடிட் கார்டில் 2,150 பவுண்டு பாக்கி, வட்டி 24.9 சதவீதம், மாதம் 65 கட்டுகிறேன். இண்டி (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத குழுக்களின் இசை), கராஜ் ராக் கச்சேரி என்றால் எனக்கு உயிர். 2025-ல் 48 கச்சேரிக்குப் போனேன். கணக்கை இணைத்திருக்கிறேன்; மொத்தம் 4,486 பவுண்டு. கூட்டிப் பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. இன்னும் 14 மாதத்தில் விசா நீட்டிக்க வேண்டும். கச்சேரிக்குப் போவதை அம்மாவிடம் சொன்னதே இல்லை. வெள்ளிக்கிழமை போன் வந்தால் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிடுவேன். எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, நிறுத்த வேண்டாம். இதைச் சொல்லிவிட்டுத்தான் கணக்குக்கு வர முடியும். நீங்கள் கேட்டது பணக் கேள்வி. ஆனால் கடிதம் முழுக்க இருப்பது குற்ற உணர்ச்சி.

உங்கள் எக்செல் தாளை இரண்டு தடவை வரி வரியாகப் படித்தேன். தேதி, ஊர், அரங்கு, முதலில் வாசித்த குழு, பிறகு வாசித்த குழு, டிக்கெட், ரயில், பீர், டி-ஷர்ட். மார்ச் மாதத்து வரி ஒன்றில் 'கடைசி பஸ் போய்விட்டது, டாக்ஸி 14.20' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் நோட்டு ஞாபகம் வந்தது. மார்கழி சீசனில் சபா சபாவாகப் போவார். திரும்பி வந்ததும் பாடியவர், வயலின், மிருதங்கம், அன்றைக்கு விரித்துப் பாடிய ராகம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அடியில் பஸ் காசையும் கேன்டீனில் சாப்பிட்டதையும் எழுதுவார். சீசன் டிக்கெட்டுக்கு ஆடி மாதத்திலிருந்தே தனியாகப் பணம் எடுத்து வைப்பார். எங்கள் வீட்டில் அதை யாரும் வீண் செலவு என்று சொன்னதில்லை. நீங்கள் செய்வதும் அதேதான். ஒரே ஒரு வித்தியாசம், அவர் முதலில் எடுத்து வைத்தார். நீங்கள் போய்விட்டு வந்து கூட்டிப் பார்த்தீர்கள்.

இப்போது கணக்கு. 2,700-ல் நீங்கள் சொன்ன நான்கு செலவும் 1,780. மிச்சம் 920. கச்சேரிக்கு மாதக் கணக்கில் 374, கார்டுக்கு 65, சேமிப்புக்கு 100. இன்னும் 381 பவுண்டு இருக்க வேண்டுமே, எங்கே? உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு சொல்கூட இல்லை. வருடத்துக்கு அது 4,572 பவுண்டு. 48 கச்சேரிக்கும் சேர்த்துச் செலவானதைவிட அதிகம்! உங்கள் வாழ்க்கையில் ஒழுங்காகக் கணக்கு எழுதிய ஒரே செலவு கச்சேரிதான். அதனால் அது ஒன்றுதான் கண்ணில் பட்டது, பழியும் அதன்மேலேயே விழுந்தது. ஆர்டர் செய்து சாப்பிட்டது, மறந்துபோன சந்தாக்கள், ஆன்லைனில் வாங்கியது என்று அந்த 381 எப்படிப் போயிருக்கும் என்று நான் ஊகிக்கலாம். ஊகம் உதவாது. வங்கி ஆப்பில் கடைசி மூன்று மாதக் கணக்கை எடுத்து, கச்சேரிக்கு எழுதிய அதே அக்கறையோடு எழுதுங்கள்.

அடுத்து கார்டு. 2,150-க்கு 24.9 சதவீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 44 பவுண்டு வட்டி. நீங்கள் கட்டும் 65-ல் அசலில் குறைவது சுமார் 20 தான். ஒரு வருடத்தில் வட்டிக்கு மட்டும் 500 பவுண்டைத் தாண்டும். உங்கள் தாளில் சின்ன அரங்குகளில் பார்த்த 36 கச்சேரிக்கும் டிக்கெட் செலவு மொத்தம் 522. அதாவது, 36 இரவு இசை கேட்கக் கொடுத்த பணத்துக்குச் சமமான தொகையை, எதையும் கேட்காமல் வங்கிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்யும் எண் இதுதான்.

சேமிப்பில் இருக்கும் 1,200-ல் 500-ஐ அவசரத்துக்கு விட்டுவிட்டு 700-ஐ இன்றே கார்டில் கட்டுங்கள். மிச்சம் 1,450. இதைக் கொஞ்ச காலத்துக்கு வட்டியே இல்லாத பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டுக்கு மாற்றப் பாருங்கள். மூன்று சதவீதக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் 44 பவுண்டு சேரும். மாதம் 150 வீதம் பத்து மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகவே போகும்படி டைரக்ட் டெபிட் போட்டுவிடுங்கள். ஒரு தவணை தவறினாலும் வட்டியில்லாச் சலுகை போய்விடலாம். புது கார்டை வேறு எதற்கும் தேய்க்காதீர்கள். விண்ணப்பிப்பதற்கு முன்னால் 'தகுதி இருக்கிறதா' என்று பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அது மற்ற வங்கிகளின் கண்ணுக்குத் தெரியாது, உங்கள் கடன் மதிப்பெண்ணும் (கிரெடிட் ஸ்கோர்) குறையாது.

நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று. இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், முறையான விசாவோடு இங்கே குடியிருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப் போடுவது உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் பட்டியலில் பெயரும் முகவரியும் இருந்தால் கடன் கொடுப்பவர்கள் உங்கள் அடையாளத்தை உறுதி செய்வது சுலபமாகிறது. இந்த நாட்டில் கடன் வரலாறு குறைவாக இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. இணையத்தில் ஐந்து நிமிட வேலை, செலவு கிடையாது.

விசாவை நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கோ கடிதத்திலேயே கவலை தந்தது அதுதான். ஹெல்த் சர்சார்ஜ், அதாவது இங்கே அரசு மருத்துவ சேவைக்காக விசாவோடு கட்டும் கட்டணம், இப்போது ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மூன்று வருட நீட்டிப்பு என்றால் 3,105. அதை மாதா மாதம் கட்ட முடியாது, விண்ணப்பிக்கும் அன்றே முழுதாகக் கட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் அதற்கு மேல். 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இல்லாமல் அந்த நாள் வந்தால் மறுபடியும் கார்டுதான். இன்றிலிருந்து மாதம் 290 தனிக் கணக்கில் போட்டால் சரியாக வரும். அதற்கு முன்னால், கம்பெனி இதை ஏற்றுக்கொள்ளுமா என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். சில கம்பெனிகள் முழுதாகவோ பாதியோ கொடுக்கின்றன. கேட்கக் கூச்சப்பட்டு நம் ஆட்கள் சொந்தக் காசைக் கட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி கச்சேரிப் பக்கம் வருவோம். எனக்கும் பிடித்த பகுதி இது.

போன ஆண்டு ஒரு வாடிக்கையாளர் அழைத்தார் என்று உங்கள் ஊர் புருடனெல் சோஷியல் கிளப்புக்குப் போயிருந்தேன். 1913-ல் தொழிலாளர் மன்றமாகத் தொடங்கிய இடம், இன்றைக்கும் மன்றம் போலத்தான் இருக்கிறது. ஷோ முடிந்ததும், சற்று முன்பு வரை மேடையில் டிரம்ஸ் அடித்த பெண், வேர்வை காயாமல் வந்து டி-ஷர்ட் மேசைக்குப் பின்னால் நின்றாள். அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதிய விலைப் பட்டியல். ஒருவர் பத்து பவுண்டு நோட்டை நீட்டியபோது சில்லறைக்கு கிடாரிஸ்டின் பர்ஸைத் திறந்து தேடினாள். அந்த மேசையில் விற்றால்தான் அடுத்த ஊருக்கு வேனில் டீசல் போட முடியும் என்கிற குழுக்கள் அவை.

டிக்கெட் பணத்தில் அவர்களுக்கு எவ்வளவு போகும் என்று நினைக்கிறீர்கள்? 15 பவுண்டு டிக்கெட்டில் 2.50 மதிப்புக் கூட்டு வரிக்கே போகிறது. பிறகு அரங்கு, ஒலிப் பொறியாளர், ஏற்பாடு செய்பவர். அரங்குகளும் கொழிக்கவில்லை. சிறு அரங்குகளுக்காக இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்டின் கணக்குப்படி 2023-ல் மட்டும் 125 இடங்கள் கச்சேரியை நிறுத்தின. நடந்துகொண்டிருந்த அரங்குகளின் சராசரி லாபம் அரை சதவீதம். பக்கத்து ஊர் ஷெஃபீல்டில் 1980-லிருந்து இருந்த லெட்மில் அரங்கு 2025 ஜூனில் மூடியது. லீட்ஸில் வளர்ந்த இங்கிலிஷ் டீச்சர் குழு 2024-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசு வாங்கியதே, அவர்களும் இப்படிப்பட்ட சின்ன அறைகளில் வாசித்து மேலே வந்தவர்கள்தான். அதனால் டி-ஷர்ட், ரெகார்டு வாங்கிய 560-ஐ ஒரேயடியாக வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 450 ஆக்குங்கள், போதும்.

வெட்ட வேண்டிய இடம் வேறு. பெரிய அரீனா ஷோ இரண்டுக்கு மறுவிற்பனை டிக்கெட் வாங்கி 410 கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு வரிக்கும் பக்கத்தில் 'திரையில்தான் பார்த்தேன்' என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள்! கராஜ் ராக் என்பதே 1960-களில் அமெரிக்கப் பையன்கள் வீட்டுக் கார் கொட்டகையில் கிடாரில் மூன்றே மூன்று ஸ்வரக் கூட்டை (chord) வைத்துக்கொண்டு வாசித்துப் பிறந்த இசை. அதற்கு 400 பேர் நிற்கும் அறைதான் பொருத்தம், அதன் விலையும் உங்கள் பர்ஸுக்குப் பொருத்தம். 2024 ஆகஸ்டில் ஓயாசிஸ் ராக் குழுவின் டிக்கெட்டுக்கு மணிக்கணக்காக வரிசையில் இருந்தவர்களுக்கு 150-க்குள் எதிர்பார்த்த விலை 350-க்கு மேல் காட்டியதே, ஞாபகம் இருக்கும். அந்தப் பதற்றத்தில் பட்டனை அழுத்துவதுதான் ஆபத்து. இப்போது முகவிலைக்கு (டிக்கெட்டை முதலில் விற்ற விலைக்கு) மேல் மறுவிற்பனை செய்வதைத் தடை செய்யப்போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்திருக்கிறது. அது வரும்போது வரட்டும். டிக்கெட் தீர்ந்துவிட்டால் டைஸ் என்ற டிக்கெட் ஆப்பின் காத்திருப்புப் பட்டியலிலோ, முகவிலைக்கு மேல் விற்காத மறுவிற்பனைத் தளமான ட்விக்கெட்ஸிலோ பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஷோ இல்லை, அவ்வளவுதான்.

வாங்கிவிட்டுப் போகாத டிக்கெட் ஏழு, 146 பவுண்டு. உடம்பு முடியாத நாள் யாருக்கும் வரும். ஆனால் ஏழு என்பது அறிவித்த அன்றே அவசரப்பட்டு வாங்குவதால் வருவது. போக முடியாது என்று தெரிந்த அன்றே அதே ஆப்பில் திருப்பி விற்றுவிடுங்கள்.

ரயில், பஸ், டாக்ஸி 870. உங்களிடம் ரயில்கார்டு இல்லை என்பது தாளைப் பார்த்தாலே தெரிகிறது. 26 முதல் 30 வயது வரைக்கான கார்டு 35 பவுண்டு, பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். உங்களுக்கு 31 ஆவதற்கு முந்தின நாள் வரை வாங்கலாம். மான்செஸ்டர் நைட் அண்ட் டே, ஹெப்டன் பிரிட்ஜ் டிரேட்ஸ் கிளப் போன்ற இடங்களுக்குப் போனால் கடைசி ரயிலைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். எட்டு இரவு ஹோட்டலில் ஐந்து அதனாலேயே வந்திருக்கிறது. பயணம் 550, ஹோட்டல் மூன்று இரவுக்கு 240, வெளியே சாப்பாடும் பீரும் 790-லிருந்து 450. வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இது கஷ்டமில்லை. சின்ன அரங்கு 522, நடுத்தர அரங்கு ஒன்பதுக்கு 288, கிரீன் மேன் திருவிழா 260 எதையும் தொட வேண்டாம். திருவிழா டிக்கெட்டை மட்டும் கிரெடிட் கார்டில் வாங்கி அந்த மாதமே முழுதாகக் கட்டுங்கள். ஒரு டிக்கெட் 100 பவுண்டுக்கு மேல் இருந்தால், விழா நடக்காமல் போய் விற்றவர் கைவிரித்தாலும் நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75-ன் கீழ் கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம். பழைய கார்டில் பாக்கி இல்லாமல் இருந்தால்தான் இது சரி.

கூட்டினால் 2,760. மாதம் 230. சம்பளம் வந்த அன்றே அதைத் தனிப் பையில் போட்டுவிடுங்கள். டிக்கெட்டிலிருந்து டீ-ஷர்ட் வரை அந்தப் பையிலிருந்துதான். அரீனா இரண்டையும் கழித்தாலும் 46 கச்சேரி இருக்கிறது.

கடனுக்கு 150, விசாவுக்கு 290, கச்சேரிக்கு 230. 920-ல் இன்னும் 250 மிச்சம். அதில் 100 அவசரச் சேமிப்புக்கு, 150 கேள்வி கேட்காத செலவுக்கு. காணாமல் போன அந்த 381 இந்த 150-க்குள் அடங்க வேண்டும். சிரமம் இங்கேதான் இருக்கும், கச்சேரியில் அல்ல.

வேலை இடத்துப் பென்ஷனிலிருந்து விலகிவிடலாம் என்று உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். விலகாதீர்கள். நீங்கள் போடும் 5 சதவீதத்தோடு கம்பெனி போடும் 3 சதவீதம் உங்கள் சம்பளம்தான். ஊருக்குத் திரும்பினாலும் அது உங்கள் பெயரிலேயே இருக்கும். முதல் வீட்டுக்கோ ஓய்வுக்காலத்துக்கோ சேமிக்கும் லைஃப்டைம் ஐசா கணக்கு இப்போதைக்கு வேண்டாம். இங்கே வீடு வாங்குவது உறுதியில்லாமல் அதில் போட்டுவிட்டு எடுத்தால் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். ஊருக்கு அனுப்பும் 400-ஐ நான் தொடவே இல்லை, நீங்களும் தொடாதீர்கள்.

அம்மா விஷயம். கடன் இருக்கும் வரை சொல்லத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. ஆனால் மாதம் 230 என்று எடுத்து வைத்து, அதற்குள் போய்வரும் பிள்ளைக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தால், கதவுக்கு வெளியே வரிசையில் நின்றபடி எடுங்கள். பாட்டுக் கச்சேரிக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். யார் பாடுகிறார்கள் என்றுதான் அம்மா முதலில் கேட்பார் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அந்த 381-ன் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். எச்.ஆர். என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் மாதம் 290-ஐ வேறு இடத்துக்குத் திருப்ப வேண்டியிருக்கும், அதை அப்போது பேசிக்கொள்ளலாம்.