கழுத்துக் குழாயா, மார்பு ஸ்டிக்கரா?

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் முடிந்ததும், இதயம் எவ்வளவு ரத்தம் பம்ப் செய்கிறது என்று பார்க்கக் கழுத்து வழியாக ஒரு குழாய் போட்டார்கள். மாமாவுக்கு வேறோர் இடத்தில் மார்பில் ஸ்டிக்கர் ஒட்டியே பார்த்தார்கள். அந்தக் குழாய் அவசியம்தானா?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டும் அளப்பது, இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதைத்தான். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு இது 4 முதல் 8 லிட்டர். அறுவைக்குப் பிறகு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 2.2 லிட்டருக்குக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும்.

குழாயின் பெயர் ஸ்வான்-கான்ஸ் கதீட்டர். 1970 முதல் புழக்கத்தில் இருக்கிறது. வலது இதயம் வழியாக நுரையீரல் தமனிக்குள் போய் நிற்கும். நுரையீரல் தமனி அழுத்தத்தையும், உடலெங்கும் சுற்றித் திரும்பும் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்பதையும் அதுவே சொல்லிவிடும். ஸ்டிக்கரால் இது முடியாது. ஆனால் குழாய் உள்ளே போகும்போது துடிப்பு தாறுமாறாகலாம். நாளாக ஆகத் தொற்றும் வரலாம். இதயம் நன்றாக இயங்கும் சாதாரண பைபாஸ் நோயாளிக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. வலது இதயம் பலவீனமானவர், நுரையீரல் அழுத்தம் கூடியவர், இரண்டு மூன்று மருந்துகளின் பலத்தில் இதயம் ஓடுபவர் ஆகியோருக்குத் தயங்காமல் போடலாம்.

கேள்வி: வால்வு அறுவை முடிந்த ஒருவருக்குக் கதீட்டர் 3.4 லிட்டர் காட்டியது. அதே நேரத்தில் ஸ்டிக்கர் கருவி 5.1 காட்டியது. எதை நம்புவது?
– ஐசியூ செவிலியர், திருச்சி

பதில்: முதலில் நோயாளியைப் பாருங்கள். கைகால் சில்லிட்டு, சிறுநீர் மணிக்கு, எடையில் கிலோவுக்கு 0.5 மி.லி.க்கும் குறைந்து, ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் பொருள்) ஏறிக்கொண்டிருந்தால் 5.1 என்ற எண்ணை ஒதுக்கிவிடலாம்.

அடுத்து கதீட்டர் அளவீட்டைச் சரிபாருங்கள். செலுத்தும் சலைன் (உப்புநீர்) ரத்தத்தை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்தே அது கணக்கிடுகிறது. 10 மி.லி. சலைனை 4 நொடிக்குள், மூச்சு வெளிவிட்டு முடியும் கட்டத்தில் செலுத்த வேண்டும். மூன்று முறை அளந்து, 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் எண்களுக்குச் சராசரி எடுங்கள். 10 என்று பதிவு செய்துவிட்டு 8 மி.லி. மட்டும் செலுத்தினால் குளிர்ச்சி குறையும். கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டும். ஆகவே உங்களுக்கு வந்த குறைந்த எண்ணுக்கு அது காரணமாக முடியாது. வலது இதயத்தின் டிரைகஸ்பிட் வால்வு கசிந்தால்தான் பெரும்பாலும் எண் குறைந்து காட்டும், அதை விசாரியுங்கள். பைபாஸ் இயந்திரத்திலிருந்து எடுத்த முதல் அரை மணி நேரம் ரத்த வெப்பநிலை மாறிக்கொண்டே இருப்பதால், அப்போதைய எண்களும் ஆடும்.

ஸ்டிக்கர் கருவி, மார்பு வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, துடிப்புக்குத் துடிப்பு மாறும் மின்தடையைக் கணக்கிடுகிறது. நுரையீரலைச் சுற்றிய நீர், வீக்கம், டிரெயின் குழாய், பேஸ்மேக்கர், ஒழுங்கற்ற துடிப்பு எல்லாமே அந்தக் கணக்கைக் கெடுக்கும். இதய அறுவை முடிந்தவரிடம் இவற்றில் பாதியாவது இருக்கும். இரண்டு முறைகளை ஒப்பிடும் ஆய்வுகளில் பிழைச் சதவீதம் 30-க்குள் இருக்க வேண்டும் என்பது 1999 முதல் வழங்கும் அளவுகோல். உங்கள் இரண்டு எண்களின் இடைவெளி அதையும் தாண்டுகிறது.

சந்தேகம் தீர எக்கோ கேளுங்கள். இதயத்தின் வெளிவாசல் விட்டம் 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14 ச.செ.மீ. ஒரு துடிப்பில் ரத்தம் கடக்கும் தூரம் 12 செ.மீ. என்றால், துடிப்புக்கு சுமார் 38 மி.லி.; நிமிடத்துக்கு 90 துடிப்பில் 3.4 லிட்டர். விட்டத்தை 1.8 என்று தவறாக அளந்தால் விடை 19 சதவீதம் குறைந்துவிடும். அதனால் விட்டத்தை ஒருமுறை கவனமாக அளந்து வைத்துக்கொண்டு, பிறகு அந்தத் தூரத்தை மட்டும் தொடர்ந்து பாருங்கள்.

கேள்வி: இதயம் தள்ளும் ரத்தத்தை அளக்க, விரலில் மாட்டும் கஃப் (பட்டை) போதாதா?
– மயக்கவியல் மாணவர், கோவை

பதில்: விரல் சூடாக இருக்கும்வரை போதும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடி விரல் ரத்தநாளங்கள் சுருங்கியபின் போதாது.

கேள்வி: ஸ்வான்-கான்ஸ் கதீட்டரின் முனையில் உள்ள சிறு பலூனில் எதைக் கவனிக்க வேண்டும்?
– செவிலியர், சேலம்

பதில்: காற்று 1.5 மி.லி.க்கு மேல் வேண்டாம். திரவம் கூடவே கூடாது. அதைவிடக் குறைந்த காற்றிலேயே திரையில் தமனி அடைபட்டதைக் காட்டும் அழுத்த அலை வந்தால் முனை ஆழமாகப் போய்விட்டது. உடனே காற்றை விட்டு மருத்துவரை அழையுங்கள். இருமலில் ரத்தம் வந்தால் தமனி கிழிந்திருக்கலாம். ரத்தம் கசியும் பக்கம் கீழே வரும்படி நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்து, அறுவைக் குழுவைக் கூப்பிடுங்கள்.