பூசணம் பிடித்த சுவடியைத் துடைக்கலாமா?

அருங்காட்சியகப் பொருள்களைக் கெடாமல் பாதுகாக்கும் பணியில் இருந்தவரிடம் தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தார் கேட்டவை.

பாலக்கோடு: ஐயா, தாத்தாவோட ஓலைச்சுவடி டிரங்குப் பெட்டிக்குள்ள வெள்ளையா பூசணம் பிடிச்சுக் கிடக்கு. ஈரத்துணியால துடைக்கலாமா?

வேண்டாம் தம்பி. அது பயிருக்குத் தண்ணி பாய்ச்சுற வேலை. ஒரு ஓலையில இருக்கிறதை அடுத்த ஓலைக்கும் இழுத்துப் பூசிடுவீங்க. என்-95 முகக்கவசம், கையுறை போட்டுக்கிட்டு, கட்டைப் பிரிச்சு நிழல்ல காத்தாட வைங்க. வெயில் ஆகாது, ஓலை சுருண்டு வெடிச்சிடும். பூசணம் காய்ஞ்சு பொடியான பிறகு, மெல்லிய தூரிகையால தள்ளுங்க. காத்து உங்க முதுகுப் பக்கமிருந்து வரணும். அப்புறம் எலுமிச்சைப்புல் எண்ணெய் லேசா தடவுறது சுவடி நூலகங்கள்ல உள்ள வழக்கம். எழுத்தாணியால கீறின ஓலைக்குத்தான் அது. வண்ணம் தீட்டின ஓலையில கை வைக்காதீங்க.

அவரே: அந்துருண்டை?

பூச்சிக்கு. பூசணம் அதுக்கு அசையாது.

ஓசூர்: எங்க பள்ளிக் காட்சிக்கூடத்துல பகல் முழுக்க ஏசி ஓடுது சார். அப்படியும் பழைய பதிவேடுகள்ல பூசணம்.

ராத்திரி நிறுத்திடுறீங்க இல்லையா? குளிர்ந்த சுவர்லயும் அட்டையிலயும் வெளிக்காத்தோட ஈரம் படியுது. காத்துல உள்ள ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்னாலே ஆபத்து. ஈரப்பதமானி ஒண்ணு மாட்டுங்க, அலமாரியைச் சுவர்லருந்து நகர்த்துங்க. ஆதிமனிதர் ஓவியங்கள் இருக்கிற பிரான்சின் லாஸ்கோ குகையிலயே புது குளிர்சாதன எந்திரம் பொருத்தின பிறகு, 2001இல் வெள்ளைப் பூசணம் படர்ந்தது. மருந்து தேடுறதுக்கு முன்னாடி ஈரத்தைத் தேடுங்க.

கிருஷ்ணகிரி: எகிப்து மன்னர் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தவரைப் பூசணம்தான் கொன்னுச்சாமே?

கார்னார்வன் பிரபு 1923இல் இறந்தது, கொசுக்கடியைச் சவரக்கத்தி கீறி, அது சீழ்பிடிச்சு, நிமோனியாவில் முடிஞ்சதால. பூசணம்னு நிரூபணம் இல்லை. சாபக்கதையை விடுங்க. ஆஸ்துமாக்காரர், கீமோதெரபி எடுக்கிறவர், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர் பழைய கிடங்குக்குள்ள போகவே கூடாது. காசநோய் வந்து நுரையீரல்ல குழி விழுந்தவங்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ்ங்கிற பூசணம் அந்தக் குழிக்குள்ளயே உருண்டை கட்டி வளரும். இருமல்ல ரத்தம் வரும். நான் பயப்படுறது இதுக்குத்தான்.

அரூர்: ஊர் நடுகல்லுல சாம்பல் நிறத் திட்டு. ஆசிட் ஊத்தித் தேய்க்கலாம்னு பசங்க சொல்றாங்க.

தடுத்து நிறுத்துங்கம்மா! அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழுற லைக்கன். திட்டு இருந்தாலும் அடியில எழுத்து இருக்கும். ஆசிட் ஊத்தினா எழுத்தும் சேர்ந்து போயிடும். கம்பி பிரஷும் வேண்டாம். படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிங்க.