விண்வெளித் தூசும் நட்சத்திர ஒளியும்: கேள்வி பதில்

கேள்வி: தூசு மறைத்தால் நட்சத்திரம் மங்கினால் போதாதா, ஏன் சிவக்கவும் செய்கிறது?

பதில்: சிலிக்கேட்டும் கரியும் கலந்த இந்தத் துகள்களில் பல 0.1 மைக்ரான் அளவிலும் அதற்குக் கீழும் இருப்பவை. இவ்வளவு சிறிய துகள் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். சிவப்பு ஓரளவு தப்பி வந்துவிடும்.

கேள்வி: நிறமிகையை (தூசால் நட்சத்திரம் எவ்வளவு சிவந்தது என்ற அளவு) 3.1-ஆல் பெருக்கினால் மங்கல் (எவ்வளவு வெளிச்சம் குறைந்தது என்ற அளவு) கிடைக்கும் என்கிறார்கள். எல்லா நட்சத்திரத்துக்கும் போடலாமா?

பதில்: தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். 3.1 என்பது பால்வெளியில் தூசு மெல்லிதாகப் பரவியிருக்கும் இடங்களின் சராசரி. அடர்ந்த முகிலுக்குள் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன, மேலே பனியும் படிகிறது. பெருத்த துகள் நீலத்தையும் சிவப்பையும் ஏறக்குறைய சமமாக மறைப்பதால், நிறம் அதிகம் மாறாமலே வெளிச்சம் பறிபோகும். ஓரியன் நெபுலாவில் இந்தப் பெருக்கெண் 5.5 வரை போகிறது.

ஓ வகை (மிகச் சூடான, நீல) நட்சத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இயல்பான பி−வி நிறம் (நீல 'பி' பட்டையிலும் பச்சை-மஞ்சள் 'வி' பட்டையிலும் அளந்த வெளிச்சங்களின் வித்தியாசம்) சுமார் −0.3, அளந்தது 0.7. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நிறமிகை, 1.0. மங்கல் 3.1 மேக்னிட்யூடா (வானியலில் வெளிச்சத்தின் அலகு), 5.5-ஆ? இடைவெளி 2.4. உண்மை 5.5-ஆக இருக்க 3.1 போட்டால், தூசின் மங்கலைத் தொலைவின் மங்கல் என்று எண்ணி, நட்சத்திரத்தை மூன்று மடங்கு தொலைவில் கொண்டுபோய் வைத்துவிடுவீர்கள்.

கேள்வி: அப்படியானால் சரியான பெருக்கெண்ணை எப்படி எடுப்பது?

பதில்: அகச்சிவப்பு 'கே' பட்டை அளவும் நட்சத்திரத்தின் இயல்பான நிறத்தைச் சொல்லும் நிறமாலை வகையும் வேண்டும். வி−கே நிறமிகையை பி−வி நிறமிகையால் வகுத்து 1.1-ஆல் பெருக்குங்கள், நல்ல தோராயம் கிடைக்கும். நட்சத்திரத்தைச் சுற்றி வட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிஇ வகையில் (வேகமாகச் சுழன்று, வாயு வட்டு சூழ்ந்த நட்சத்திரங்கள்) வட்டே அகச்சிவப்பில் ஒளிரும். விடை பொய்யாக ஏறிவிடும்.

கேள்வி: 1998-இன் முழுவானத் தூசு வரைபடத்திலிருந்து நேராக நிறமிகை எண்ணை எடுக்கலாமா?

பதில்: வெளி கேலக்ஸிகளுக்கு எடுக்கலாம், வரைபடம் சற்று அதிகமாகக் காட்டுவதால் 0.86-ஆல் பெருக்கிவிட்டு. அந்த எண் பால்வெளியின் விளிம்பு வரை உள்ள மொத்தத் தூசு. அருகில் உள்ள நட்சத்திரத்துக்குப் போட்டால் பின்னால் இருக்கும் தூசையும் சேர்த்துக் கழிப்பீர்கள். அதற்கு முப்பரிமாண வரைபடம்தான் சரி.

கேள்வி: சிறிய மெகல்லன் மேகத்துக்கும் (பால்வெளியின் துணை கேலக்ஸி) பால்வெளியின் வளைவே (எந்த அலைநீளத்தில் தூசு எவ்வளவு மறைக்கும் என்ற வரைகோடு) போதுமா?

பதில்: புற ஊதாவில் போதாது. பால்வெளித் தூசு 2175 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தின் அருகே கூடுதலாக விழுங்கும், வளைவில் அது ஒரு மேடாகத் தெரியும். சிறிய மெகல்லன் மேகத்தில் பெரும்பாலான திசைகளில் அந்த மேடு இல்லை. நம் வளைவைப் போட்டுத் திருத்தினால், நிறமாலையில் அதே இடத்தில் இல்லாத ஒளி முளைக்கும்.