யார்க்டவுனில் யார் ஜெயித்தார்கள், தாத்தா?

கேள்வி: பிராட்வே இசை நாடகங்களின் பாடல் தொகுப்புகளுக்கும் ‘பெற்றோர் கவனத்துக்கு’ என்ற எச்சரிக்கை முத்திரை அவசியமா?

குத்தட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த முத்திரையை நம்பிப் பெற்றோர் யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வே பக்கம் நான் போனவன் அல்ல. செங்கோட்டை பஸ் நிலையத்துக்கு அருகில் 1989 முதல் 2004 வரை கேசட் கடை வைத்திருந்தேன். நாடகக் கேசட் விற்று வாங்கிக் கட்டிக்கொண்டவன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

முதலில் பேத்தி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வயது. புனலூரில் படிக்கிறாள். ஓணம் விடுமுறைக்கு வந்திருந்தபோது நாள் முழுவதும் காதில் ‘ஹாமில்டன்’. அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்துத் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாழ்க்கையை ராப் பாட்டில் சொல்லும் நாடகம் அது. 2015இல் மேடையேறியது. தொகுப்பில் 46 பாட்டுகள். ஒரு சிறு காட்சியைத் தவிர நாடகம் மொத்தமும் பாட்டாகவே அதில் இருக்கிறது. கேட்டால் பார்த்த மாதிரி.

என் மகள் எச்சரிக்கையான பெண். கைபேசியில் வடிகட்டி போட்டு வைத்திருக்கிறாள். எச்சரிக்கைக் குறியாக ஆங்கில ‘ஈ’ எழுத்து போட்ட பாட்டுகள் சாம்பல் நிறமாக மங்கிக் கிடக்கும், ஒலிக்காது. திண்ணையில் நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். பேத்தி ஒரு காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டுக் கேட்டாள்:

“தாத்தா, யார்க்டவுனில் யார் ஜெயித்தார்கள்? இப்போதுதான் சண்டைக்குக் கிளம்பினார்கள். அடுத்த பாட்டில் இங்கிலாந்து ராஜா வந்து, போகிறீர்களே, இனி என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்.”

1781இல் நடந்த யார்க்டவுன் போரையே வடிகட்டி விழுங்கிவிட்டது. அந்தப் பாட்டில் இரண்டே இரண்டு வசவு வருகிறது. அதற்காக ஒரு தேசத்தின் விடுதலையையே நிறுத்திவைத்துவிட்டார்கள். நான் கூகுளில் பார்த்து, “அமெரிக்காக்காரர்கள்தான்” என்று சொன்னேன்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சாயங்காலம் நடந்தது அப்படியல்ல. ஹாமில்டனின் மூத்த மகன் பிலிப் பத்தொன்பது வயதில் துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டுச் சாகிறான். சின்ன வயதில் பியானோ சொல்லிக்கொடுத்தபோது அம்மா பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வைப்பாள். சாகும்போதும் அவனோடு சேர்ந்து எண்ணுகிறாள். பையனின் குரல் நின்றுவிடுகிறது. அவள் குரல் மட்டும் இன்னும் சில எண்கள் போகிறது. அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வடிகட்டி அதைக் கைகூப்பி உள்ளே அனுப்பியது. குழந்தை அன்று இரவு சாப்பிடவில்லை. விளக்கை அணைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பாட்டியின் முந்தானையைப் பிடித்தபடியே தூங்கினாள்.

2020இல் இந்த நாடகத்தின் மேடைப் பதிவைத் திரைக்குக் கொடுத்தபோதும் இதே கணக்குதான். ஆங்கிலத்தில் ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் அந்தப் பெரிய வசவு மூன்று இடத்தில் வருகிறது. ஒன்றுக்கு மேல் வந்தால் 13 வயதுப் பிரிவின் சான்றிதழ் கிடைக்காது என்று இரண்டை அமுக்கிவிட்டார்கள். பையன் சாவதை யாரும் எண்ணவில்லை.

இந்த முத்திரை பிறந்த விதம் தெரிந்தால் ஏன் இப்படி என்று புரியும். அமெரிக்காவில் டிப்பர் கோர் என்ற அம்மையார் (பின்னாளில் துணை அதிபரான அல் கோரின் மனைவி) மகளுக்கு வாங்கிய, பாடகர் பிரின்ஸின் ஆல்பத்தில் ஒரு பாட்டைக் கேட்டு அதிர்ந்து போனார். வாஷிங்டன் பிரமுகர்களின் மனைவிமார் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 1985 செப்டம்பர் 19 அன்று செனட் குழுவின் முன் விசாரணை வரைக்கும் போயிற்று. கடைசியில் ஒலிப்பதிவு நிறுவனங்கள் தாங்களே எச்சரிக்கை ஒட்டச் சம்மதித்தன. இன்று நாம் பார்க்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் 1990இல் வந்தது. அரசாங்கச் சட்டம் அல்ல. எதில் ஒட்டுவது என்று பாடகரும் கம்பெனியும்தான் முடிவு செய்கிறார்கள். வன்முறை, பாலுறவு, போதை எல்லாம் கணக்கில் வரும் என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் நடைமுறையில் முதலில் கையில் அகப்படுவது வார்த்தைதான். எண்ணுவதற்கு அதுதானே சுலபம்.

அதற்கு முன்பு எதுவும் இல்லை. 1968இல் பிராட்வேக்கு வந்த ‘ஹேர்’ போதை, உடலுறவு எல்லாவற்றையும் பாடிய நாடகம். அதன் தொகுப்பு 1969இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. அட்டையில் எந்தக் கட்டமும் கிடையாது.

இப்போது என் கடைக்கு வாருங்கள். 1993 வைகாசி. கோட்டைவாசலைத் தாண்டி ஆரியங்காவுக்கு அருகே ஒரு ஊரிலிருந்து ஒருவர் வந்தார். மகளுக்குக் கல்யாணம். மைக்செட்டில் போட மங்களகரமாக நாலு கேசட் வேண்டும் என்றார். ‘வள்ளி திருமணம்’ நாடக செட் ஒன்று அலமாரியில் இருந்தது. மூன்று கேசட், அட்டையில் மயிலோடு முருகன். பெயரிலேயே திருமணம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? அவரே எடுத்தார். நான் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடையில் கூட்டம். வாயைத் திறக்கவில்லை.

கோயில் கொடையில் விடிய விடிய நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், வள்ளி மேடைக்கு வர நள்ளிரவு ஆகும். அதுவரை பபூனும் நடனக்காரியும்தான். கல்யாணத்தன்று காலை ஐந்தரை மணிக்குத் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் முதல் கேசட்டைப் போட்டுவிட்டு மைக்செட் பையன் பந்தலுக்குப் பின்னால் படுத்துவிட்டான். பபூன், உங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்று நடனக்காரியிடம் விசாரித்தார். பிறகு வாளி வந்தது. கயிறு வந்தது. கயிற்றின் நீளம் வந்தது. மேற்கொண்டு நான் எழுதப்போவதில்லை. மலையடிவாரம் முழுக்க எதிரொலித்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு வேன் அப்போதுதான் வந்து நின்றதாம். சம்பந்தி கோபித்துக்கொண்டிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். சம்பந்தி சிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் கடைக்கு வந்தார். கேசட்டுகளை மேஜையில் வைத்தார். “அண்ணாச்சி, நீங்களும் பெண்ணைப் பெற்றவர்தானே?” என்று மட்டும் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் நீட்டியதையும் வாங்கவில்லை.

அன்றிரவே நாடகக் கேசட் எல்லாவற்றையும் இறக்கி, அட்டையின் முதுகில் சிவப்பு மையால் ‘ம’ என்று எழுதினேன். மைக்செட்டுக்கு ஆகாது என்று அர்த்தம். நம் நாட்டில் தணிக்கைச் சான்றிதழ் சினிமாவுக்குத்தான், 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி. கேசட்டில் விலையும் கம்பெனி பெயரும்தான் இருக்கும். ஆகையால் தணிக்கைக் குழு, தலைவர், உறுப்பினர், பியூன் எல்லாம் நானே. ஒரு மாதத்தில் பையன்கள் வந்து ‘ம போட்டது இருக்கிறதா’ என்று கேட்க ஆரம்பித்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கேசட்டில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. கிணறு, வாளி, கயிறு. முதல் வகுப்புப் பாடப் புத்தகத்தில் படம் போட்டுச் சொல்லித்தருகிற வார்த்தைகள். மேடைக்கு முன்னால் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தால் என் ஆச்சி அந்த இடம் வரும்போது, “போய் வெற்றிலை வாங்கி வா” என்று என்னை எழுப்பி அனுப்பிவிடுவாள். நாடகத்தில் அதற்கு இடம் இருந்தது, நேரம் இருந்தது, ஆச்சி இருந்தாள். கேசட்டில் இது எதுவும் பதிவாகவில்லை.

இசை நாடகப் பாட்டுக்கும் சாதாரண ஆல்பப் பாட்டுக்கும் வித்தியாசம் இங்கேதான். நாடகப் பாட்டைப் பாடுவது பாடகர் இல்லை, ஒரு பாத்திரம். அயோக்கியனுக்கும் இனிமையான மெட்டு கிடைக்கும். 1966இல் வந்த ‘கேபரே’ நாடகத்தில் புல்வெளி, சூரியன், நாளைய பொழுது என்று நாட்டுப்புறப் பாட்டுப் போல ஒன்று வருகிறது. தொகுப்பில் கேட்டால் தாலாட்டுக்கு ஆகும். கதையில் அது நாஜிகளின் பாட்டு. எழுதி இசையமைத்த இருவரும் யூதர்கள். இதைப் பழைய ஜெர்மன் பாட்டு என்றே நம்பியவர்கள் உண்டு, இனவெறிக் கூட்டங்களே எடுத்துப் பாடியதும் உண்டு. எந்த எழுத்தை ஒட்டி இதற்கு எச்சரிக்கை கொடுப்பீர்கள்?

எங்கள் பக்கத்துச் சமாச்சாரம் ஒன்று. 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி ஆட்சியில்தான் இருந்தது. தோப்பில் பாசி எழுதி, கே.பி.ஏ.சி. என்ற மலையாள நாடகக் குழு போட்ட நாடகம் ஒன்று 1952 டிசம்பரில் கொல்லம் அருகே சவறாவில் அரங்கேறி ஊர் ஊராகப் போனது. நிலமில்லாதவர்கள் பக்கம் நிற்கும் கம்யூனிஸ்ட் நாடகம். 1953இல் தடை விதித்தார்கள். ஆனால் பாட்டு ஏற்கெனவே வாய்க்கு வாய் பரவியிருந்தது. ஓ.என்.வி. குறுப்பின் வரி, தேவராஜனின் மெட்டு. பொன் அரிவாள் போன்ற பிறையைப் பார்த்துக் கண் எறிகிற பெண்ணைப் பற்றிய பாட்டை என் அப்பா மாடு குளிப்பாட்டும்போது பாடுவார். அப்பா தீவிரக் காங்கிரஸ்காரர். அரிவாளை அவர் நிலா என்றே நம்பிப் பாடினார்.

சரி, என்னதான் செய்யலாம் என்று கேட்பீர்கள். சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? பாட்டுகளுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். அண்ணன் ஜெயிலுக்குப் போகிறான், தங்கை ஏமாற்றப்படுகிறாள் என்று எல்லாம் சொல்லிவிட்டு, உச்சத்தில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போடுவார்கள். என் அம்மா அதைப் படித்துவிட்டுத்தான் எங்களைப் படத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். பிராட்வே இசைத்தட்டுகள் பலவற்றிலும் பின்னட்டையில் கதைச் சுருக்கம் உண்டு. இன்று கைபேசியில் தபால்தலை அளவுக்கு ஒரு படம், பாட்டின் பெயர், பக்கத்தில் ஓர் எழுத்து. சுருக்கம் போன இடம் தெரியவில்லை. முத்திரைக்காகப் போராடுகிறவர்கள் அந்த ஒரு பக்கத்தைத் திரும்பக் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

அதுவரை நானேதான் எழுதுகிறேன். பேத்தி இப்போது ‘லெ மிசராப்ளு’க்குத் தாவிவிட்டாள். 1985இல் லண்டனில் ஆங்கிலத்தில் மேடையேறியது. நான் முதலில் இரண்டு இரவு உட்கார்ந்து கேட்டேன். தலைமுடியை விற்று, பிறகு தன்னையும் விற்கும் ஒரு தாய் வருகிறாள். தெருச் சண்டையில் ஒரு சிறுவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். நோட்டுத் தாளில் பாட்டுவாரியாக எழுதி, வசவு வரும் இடம், அழுகை வரும் இடம், யாராவது பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டிய இடம் எல்லாம் குறித்துக் கொடுத்தேன். வடிகட்டியை எடுத்துவிட மகளும் சம்மதித்தாள்.

பேத்தி தாளை முழுவதும் படிக்கவில்லை. பாதியிலேயே விரலை வைத்து மறைத்துக்கொண்டாள். “பாட்டுப் புத்தகத்தில் கடைசிக் கதையைப் போட மாட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்றாள்.

கீழிருந்து எட்டு வரியைக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வருகிறாள்.