தலைக்குப் போகும் கை

அன்புள்ள சார்,

போன வாரம் குரோசவா இயக்கிய ஜப்பானியப் படம் 'செவன் சாமுராய்' பார்த்தேன். நடித்தவர்களில் எல்லோரும் மிஃபுனே, மிஃபுனே என்கிறார்கள். எனக்கென்னவோ மொட்டையடித்துக்கொண்ட அந்தத் தலைவர் மேல்தான் கண் போய்க்கொண்டிருந்தது. நடிகரின் பெயர் தகாஷி ஷிமுரா என்று அப்புறம் தேடித் தெரிந்துகொண்டேன். அவர் பெரிதாக எதுவும் செய்வதாகவே தெரியவில்லை. பிறகு ஏன் அவரையே பார்த்தேன்? அடுத்து எந்தப் படம் பார்க்கலாம்?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

திருடன் பிடித்துவைத்த குழந்தையை மீட்கத் துறவி வேஷம் வேண்டும். அதற்காக ஆற்றோரம் உட்கார்ந்து குடுமியை எடுக்கிறார். சாமுராய் என்ற அந்தக்கால ஜப்பானியப் போர்வீரனுக்குக் குடுமி என்பது மானம். அதன்பிறகு யோசனை வரும்போதெல்லாம் அவர் கை தானாகத் தலைக்குப் போய் மொட்டையைத் தடவும். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கையைத்தான் என்பது என் ஊகம்.

மற்றபடி அவர் செய்வதெல்லாம் காதுகொடுத்துக் கேட்பதுதான். கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்க ஆள் தேடி வந்த குடியானவர்கள் தாங்கள் தினையைத் தின்றுவிட்டு சாமுராய்க்கு அரிசிச் சோறு போடுகிறார்கள் என்று ஒருவன் கத்துகிறானே, அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறார். இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். படத்தின் முடிச்சு விழுவதே அங்கேதான்.

மிஃபுனேவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு என்று பார்த்தால், குரோசவாவின் 30 படங்களில் மிஃபுனே 16இல்தான் வருகிறார், ஷிமுரா 21இல். 1943இல் வந்த முதல் படத்திலேயே அவர் உண்டு.

அடுத்து 'இகிரு' (1952), வேறு யோசனையே வேண்டாம். முப்பது வருஷம் முத்திரை குத்தியே கழித்த மாநகராட்சி அதிகாரி, வயிற்றில் புற்றுநோய். பனியில் ஊஞ்சலாடும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் என் காட்சி படிக்கட்டுதான். தன்னாலும் ஏதோ செய்ய முடியும் என்று திடீரென உறைக்க, பொம்மை முயலைக் கையில் பிடித்துக்கொண்டு அவசரமாக இறங்குகிறார். மாணவர்கள் கூடி நின்று பிறந்தநாள் பாட்டுப் பாடுகிறார்கள். பாட்டு, படியேறி வரும் வேறொரு பெண்ணுக்கு. ஷிமுராவுக்கு அது காதில் விழுந்ததாகக்கூடத் தெரியவில்லை.

அப்போது அவருக்கு வயது 47. நம்ப முடிகிறதா? அந்தக் கூனல் முதுகு எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு கதை உண்டு. இளவயதில் இரவு வகுப்பில் படித்துக்கொண்டே ஒசாகா மாநகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்தவர் அவர். நாடகப் பைத்தியத்தில் மட்டம் போட்டுப் போட்டு அந்த வேலை போனது. மாநகராட்சி மேஜையைப் பார்த்திராத ஆளில்லை.

அந்த முதுகு 1954 ஏப்ரலில் சாமுராயாக நிமிர்ந்தது. அதே நவம்பரில் 'காட்ஜில்லா'வில், அந்த மிருகத்தைக் கொல்லாதீர்கள், ஆராயுங்கள் என்று மன்றாடும் பேராசிரியர். அதையும் பாருங்கள், சிரிக்காமல்.

கடைசியாக 'ககேமுஷா' (1980). முழுப் பதிப்பாகத் தேடிப் பிடியுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதியில் ஷிமுரா வரும் இடத்தை வெட்டிவிட்டார்கள். நான் முதலில் பார்த்தது அதைத்தான். படம் முடியும்வரை அவர் எப்போது வருவார் என்று உட்கார்ந்திருந்தேன்.