சனிக்கிழமை சரி, செவ்வாய்க்கிழமை?

மேடம், வணக்கம்.

எனக்கு வயது 35. சென்னையில் மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் நிறுவனம் ஒன்றில் ஒன்பதாவது வருஷமாக வேலை பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட், பில் எல்லாம் என் திரைக்கு வரும். பாலிசியோடு ஒப்பிட்டுப் பார்த்து பாஸ் பண்ண வேண்டும், கொயரி போட வேண்டும், இல்லையென்றால் நிராகரிக்க வேண்டும். சம்பளம் 52,000. அதில் 21,000 வீட்டுக் கடனுக்குப் போகிறது. கணவர் அம்பத்தூரில் சூப்பர்வைசர். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பெரியவரின் ஃபைல் வந்தது. சிறுநீரகக் கோளாறு. பாலிசி எடுக்கும்போதே தனக்குச் சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதிக் கொடுத்திருந்தார். ஏற்கெனவே இருந்த நோய்க்கும் அதனால் வருவதற்கும் க்ளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் 36 மாதம். அவர் அட்மிட் ஆன தேதியில் இன்னும் 22 நாள் பாக்கி. விதிப்படி நிராகரித்தேன். டீம் லீடரும் பார்த்துவிட்டுச் சரி என்றார். மறுநாள் அவர் மகளிடமிருந்து ஒரே வரியில் மெயில்: "அப்பா உண்மையைத்தானே எழுதினார்?" அன்றிலிருந்து ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

அப்புறம்தான் சனிக்கிழமைகளில் தாம்பரம் பக்கம் ஆட்டிசம் குழந்தைகளுக்கான மையம் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தேன். ஒன்பது வயசுப் பையன் ஒருவனுக்குச் சட்டைப் பட்டன் போடக் கற்றுக்கொடுத்தேன். பட்டனைக் காஜாவுக்குள் பாதி நுழைத்துக் கொடுத்துவிட்டு, வெளியே இழுப்பதை மட்டும் அவனிடம் விட வேண்டும் என்று அங்கிருக்கும் டீச்சர் சொல்லித் தந்தார். நாலு மாதம் ஆனது. போன வாரம் மூன்று பட்டனை அவனே போட்டுவிட்டான். நாலாவது மட்டும் தப்பான காஜாவில். அதைச் சரி செய்ய யாரையும் விடவில்லை, கோணல் சட்டையோடே வீட்டுக்குப் போனான். எனக்கு பஸ்ஸில் வழி நெடுக அழுகை, சந்தோஷத்தில்.

வேலையை விட்டுவிட்டு அங்கேயே சேர்ந்துவிடலாமா? 18,000 தருவார்களாம். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. மாமியார் காதில் விழுந்தால், "ஏசி ரூம்ல உக்காந்து வாங்குற சம்பளம் கசக்குதா?" என்பார்.

பெயர் வேண்டாம்,
குரோம்பேட்டை.

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்பது வருஷ வேலையை நாலைந்து வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த 22 நாளுக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி. சலிப்பு வேறு, குற்ற உணர்வு வேறு. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காப்பீட்டு ஆணையம் 2024-இல்தான் அந்தக் காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 48 மாதத்திலிருந்து 36 ஆகக் குறைத்தது. நீங்கள் எழுதிய விதி இல்லை அது. ஆனால் நிராகரித்த விரல் உங்களுடையது, மனசு விரலைத்தான் பார்க்கும். அந்த மகள் கேட்டதும் நியாயம், நீங்கள் செய்ததும் விதிப்படி சரி. எந்தப் பக்கமும் சாய முடியாததால்தான் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது.

இதை ஏன் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், அந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் பரிகாரத்துக்குப் போகிறீர்களோ என்று ஒரு சின்னச் சந்தேகம். பரிகாரம் செய்கிறவர்களுக்குப் பலன் சீக்கிரம் தெரிய வேண்டும். மூன்று பட்டனுக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது. அடுத்த பையனுக்கு ஒரு வருஷம் ஆகலாம், ஒரு பட்டனும் ஏறாமலே போகலாம். அன்றைக்கும் உங்களுக்கு அங்கே போகப் பிடிக்குமா?

சனிக்கிழமை உங்களுக்குக் கிடைப்பது ஒரே பையன், கொஞ்ச நேரம், டீச்சர் ஏற்கெனவே தயார் செய்து வைத்த மேசை. சம்பளத்துக்குச் சேர்ந்தால் செவ்வாய்க்கிழமையும் உண்டு. பல பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கற்பித்தல் திட்டம், பதிவேடு. சில நாள் கடியும் கீறலும் வாங்க வேண்டியிருக்கும். "எப்ப டீச்சர் பேசுவான்?" என்று கேட்கிற அம்மாவுக்கு, தெரியாது என்பதைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். ஃபைலும் இருக்கும், மனசைக் கனக்க வைக்கும் பதிலும் இருக்கும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த டீச்சரோடு ஒரு டீ குடித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஆகவே ராஜினாமா இப்போது வேண்டாம். சம்பளத்தோடு கிடைக்கும் இ.எல். விடுப்பு சேர்ந்திருந்தால் பத்து நாள் எடுங்கள். மையத்தில் கேட்டுக்கொண்டு, திங்கள் முதல் வெள்ளி வரை காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே இருங்கள். அப்படி இரண்டு வாரம்.

இன்னொன்று, சிறப்பு ஆசிரியராக வேலை பார்க்க ஆசை மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பும் அதில் பதிவும் வேண்டும், 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பட்டதாரிகளுக்குச் சிறப்புக் கல்வியில் பி.எட். இரண்டு ஆண்டு. முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனமே இந்தத் துறைப் படிப்புகளை நடத்துகிறது, ஒரு நாள் நேரில் போய் விசாரித்து வாருங்கள். ஆக, 18,000 கைக்கு வருவதற்கு முன்னால் ஒன்றுமே வராத காலம் ஒன்று இருக்கிறது. கணக்கை அங்கிருந்து போடுங்கள். பி.எஃப். என் துறை இல்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை: அதிலுள்ள ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். உங்களுக்கு அது எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. அவசரத்தில் அந்தப் பணத்தை எடுத்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள்.

மாமியாரை விடுங்கள், அவர் கேட்கப்போகும் கேள்விக்கு இப்போதே பதில் தேட வேண்டியதில்லை. கணவரிடம் ஏன் சொல்லவில்லை? அவர் மறுத்துவிடுவார் என்ற பயமா, "சரி, விட்டுடு" என்று சொல்லிவிட்டால் நிஜமாகவே விட வேண்டியிருக்குமே என்ற பயமா? ஒரு சனிக்கிழமை அவரை மையத்துக்குக் கூட்டிப்போங்கள். 22 நாள் கதையையும் அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அதுவும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வேலைக் களைப்பை உலக சுகாதார நிறுவனமே நோய் என்று சொல்வதில்லை, வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்றுதான் 2019-இல் வகைப்படுத்தியது. ஆனால் தூக்கம் கெட்டு ஆறு மாதம் என்பது அதிகம். சனிக்கிழமையும் ருசிக்காமல் போக ஆரம்பித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.

அந்த இரண்டு வாரம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தக் காலையில் கிளம்பவே மனசு வரவில்லை, அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.